சாய்கோட்டின் இரண்டு பக்கம்

லினக்ஸில் ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கப் பெரிதாகக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. தமிழில் வைக்கலாம், சீனத்தில் வைக்கலாம், நடுவே இடைவெளி விடலாம், ஆச்சரியக்குறிகூடப் போடலாம். இரண்டே இரண்டுக்குத்தான் தடை. ஒன்று, 'நல்' என்கிற கண்ணுக்குத் தெரியாத வெற்றுக்குறி. அதை யாரும் பெயரில் எழுதப்போவதில்லை. இன்னொன்று சாய்கோடு. மலேசியத் தமிழர்கள் பலருடைய அடையாள அட்டையில் பெயருக்கு நடுவில் நிற்பது அந்தச் சாய்கோடுதான்.

முத்து ஏ/எல் ராமன் என்று வைத்துக்கொள்வோம். ஏ/எல் என்றால் 'அனாக் லெலாக்கி', மகன். பெண்ணாக இருந்தால் ஏ/பி, 'அனாக் பெரெம்புவான்'. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நான் யார், யாருடைய பிள்ளை என்ற இரண்டு தகவல்தான் முழுப்பெயர்.

இந்தப் பெயரில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கச் சொல்லி டெர்மினலில் 'டச்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று பதில் வரும். காரணம், பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலும், அதன் வழியில் வந்த லினக்ஸிலும் சாய்கோடு பாதையைப் பிரிக்கும் குறி. இடப்பக்கம் பெற்றோர்க் கோப்புறை, வலப்பக்கம் அதற்குள் இருக்கும் பிள்ளை. ஆகவே கணினி 'முத்து ஏ' என்ற கோப்புறைக்குள் 'எல் ராமன்' என்ற கோப்பை வைக்கப் பார்க்கிறது. மகன் அப்பாவாகிவிடுகிறான், அப்பா அவனுக்குள் பிள்ளையாகிவிடுகிறார்.

பாட்டியின் மைலோ டின்னைத் திறக்கும்வரை எனக்கு இது ஒரு வேடிக்கைத் தகவல்தான். திரிங்காப்பில் இன்று எங்கு பார்த்தாலும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். பாட்டி தேயிலை பறித்த காலத்து மிச்சம் எங்கள் வீட்டில் அந்த டின்தான். பிறப்புப் பத்திரங்கள், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், தாத்தாவின் மரணப் பத்திரம், ஐசி நகல்கள். லயத்தில் படிக்கத் தெரியாதவர்கள் 'நீயே வெச்சிரு' என்று கொடுத்துவிட்டுப் போன காகிதங்களும் உள்ளே இருந்தன. பாட்டிக்கு இன்னமும் சிவப்பு ஐசி. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு. இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே கிழவியானவர், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஒவ்வொரு காகிதமாகக் காட்ட வேண்டும்.

யூனிக்ஸின் வேலை தொடங்கியது 1969இல். அந்தக் காலகட்டத்தில்தான் இங்கே 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டது. தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. "காயிதம் இருந்தவன் நின்னான், இல்லாதவன் கப்பலேறிட்டான் தம்பி" என்பார் பாட்டி. டின்னை அவர் ஏன் பூட்டி வைத்திருந்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மலைக் குளிரும் ஈரமும் காகிதத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இருநூற்றுச் சொச்சம் காகிதங்களைப் படமெடுத்து மடிக்கணினிக்கு மாற்றினேன். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைத் தேதி வரிசையில் கேட்டால், 1969ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டும் போன மாதத்து மின்கட்டண ரசீதும் ஒரே நாளில் பிறந்தவையாக வந்து நிற்கும். அது பார்ப்பது படம் பதிவான நேரத்தை, காகிதத்தின் வயதை அல்ல.

சரி, ஐசி எண்ணை வைத்து அடுக்கலாமா? பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். ஆனால் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். 2009இல் பிறந்த என் சித்தப்பா மகளின் எண் 09 என்று தொடங்கும், பாட்டியுடையது 48 என்று. பட்டியலில் பேத்தி மேலே, பாட்டி கீழே. முன்னால் 19 அல்லது 20 சேர்த்த பிறகுதான் குடும்பம் வரிசையாக நின்றது.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். பாட்டியின் பெயர் தமிழில் லெட்சுமி, அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், ஐசியில் ஒரு விதம், சம்பளச் சீட்டில் இன்னொரு விதம். எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. இந்த இடத்தில் நட்சத்திரக்குறி கைகொடுக்கும். சந்தேகமான இடத்தில் * போட்டால், அங்கே எந்த எழுத்து எத்தனை இருந்தாலும், இல்லாவிட்டாலும், எல்லா லெட்சுமிகளும் வந்துவிடுவார்கள். அலுவலக கவுன்டரில் 'இது வேற ஆளு' என்று சொல்லப்பட்ட மூன்று பெயர்களும் ஒரே கட்டளைக்கு எழுந்து வந்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

ஆனால் நட்சத்திரம் பக்கத்து வீட்டு லெட்சுமிகளையும் சேர்த்தே கூட்டிவரும். "ஒரே லயத்துல மூணு லெட்சுமி. அப்பா பேரச் சொல்லாம கூப்பிட்டா மூணு பேருந்தான் திரும்புவோம்" என்றார் பாட்டி. கோப்பின் பெயரை மாற்றும் 'எம்வி' கட்டளைக்கு இது தெரியாது. அதே பெயரில் இன்னொரு கோப்பு இருந்தால் பொதுவாக அது ஒரு வார்த்தை கேட்காமல் மேலெழுதிவிடும், குப்பைத்தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. சாய்கோட்டுக்குத் தடை என்று அப்பா பெயரை வெட்டிவிட்டால், ஒரு லெட்சுமியின் மேல் இன்னொரு லெட்சுமி உட்கார்ந்துவிடுவார். '-என்' சேர்த்தால் மேலெழுதாமல் விட்டுவிடும், '-ஐ' சேர்த்தால் கேட்டுவிட்டுச் செய்யும். நான் இரண்டில் ஒன்று இல்லாமல் அந்தக் கட்டளையைத் தொட்டதில்லை.

சாய்கோடு மாதிரியே தெரியும் வேறு யூனிகோடு குறிகள் இருக்கின்றன. பெயரில் அவற்றைப் போட்டால் கணினி ஏற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் நாளைக்கு என் தங்கை சாதாரணச் சாய்கோட்டைத் தட்டித் தேடினால் எதுவும் வராது. அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் கோப்புறைக்குப் பிறந்த ஆண்டு, பெயர், கோடு, அப்பா பெயர் என்று வைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன உரைக்கோப்பு. அதில் ஐசியில் உள்ளபடியே முழுப்பெயர், சாய்கோட்டோடு. கோப்பின் பெயருக்குத்தான் தடை, உள்ளே என்ன எழுதினாலும் கணினி கேட்பதில்லை. கூடவே அவருடைய பெயர் எழுதப்பட்ட எல்லா எழுத்துக்கூட்டல்களும், எந்தக் காகிதத்தில் எது என்ற குறிப்பும். வரிகளைத் தேடும் 'கிரெப்' கட்டளைக்கு அவற்றில் எதைக் கொடுத்தாலும் ஆள் கிடைப்பார்.

பாட்டியின் விண்ணப்பம் போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம். மற்ற இரண்டு லெட்சுமிகளின் காகிதங்களை அவர்கள் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஒப்படைக்க வேண்டும். ஒருவர் குடும்பம் ஈப்போவில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.