பூட்டினால் தானே ஏறும் கண்ணாடி



ஐப்பசி மழை டெல்டாவில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அய்யம்பேட்டையில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, நம் வண்டியின் இருக்கைகளும் பின்னே வைத்திருந்த மாணவர்களின் கிதாபுகளும் நனைந்து கிடந்தன. கண்ணாடியை ஏற்ற மறந்தது நம் பிழையே.

நம்முடையது பழைய மாருதி 800. அதன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. முன்பு வைத்திருந்தவர் நான்கு கதவுகளுக்கும் வெளியில் வாங்கிய கண்ணாடி மோட்டார்களைப் பொருத்தியிருந்தார். ரிமோட்டில் பூட்டியதும் கண்ணாடிகளைத் தாமே ஏற்றும் சிறு மாட்யூல் உண்டென அறிந்து, தஞ்சாவூரில் ஒரு பட்டறைக்குச் சென்றோம்.

அங்கிருந்த தம்பி மாட்யூலின் கம்பியை மோட்டார் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றினார். பொத்தானை அழுத்தியதும் பியூஸ் போயிற்று. “மாட்யூல்தான் சரியில்லை ஹஜ்ரத்” என்றார். அடுத்த பியூஸும் போன பிறகு, மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து விளக்கினார்.

மோட்டாருக்கு இரண்டே கம்பிகள். நஹ்வு பாடத்தில் ஒரு ஹரகத் மாறினால் அடித்தவன் அடிபட்டவனாவது போல, பிளஸ் இடம் மாறினால் ஏறும் கண்ணாடி இறங்கும். ஸ்விட்சை அழுத்தாதபோது இரு கம்பிகளும் அதன் வழியே எர்த்தில் நிற்கின்றன. அந்நிலையில் ஒன்றில் 12 வோல்ட்டைச் செலுத்தினால் அது நேரே எர்த்துக்குப் பாய்கிறது. பியூஸ் போகாமல் என்ன செய்யும்? ஆகவே கதவு ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் இடையே ஏற்றும் கம்பியை அறுத்து, ஐந்து முனை ரிலே ஒன்றை வைக்க வேண்டும். 30 மோட்டாருக்கு, 87ஏ ஸ்விட்சுக்கு, 87 பியூஸ் வழியே பேட்டரிக்கு. 85, 86 இரண்டில் ஒன்று எர்த்துக்கு, மற்றது மாட்யூலுக்கு. ரிலே சும்மா இருக்கையில் ஸ்விட்ச் வழக்கம்போல் இயங்கும். கதவுக்கு ஒன்றாக நான்கு ரிலேக்கள். மஃரிபுக்கு முன் வேலை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் மதரஸா வாசலில் இறங்கிப் பூட்டப் போனோம். திறந்திருந்த பின்கண்ணாடியின் மேல் கை வைத்து இரு சிறுவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர். நம் விரல் ரிமோட்டில் இருந்தது.

அன்றிரவு கண்ணாடி விளிம்பில் ஒரு கேரட்டை வைத்துப் பூட்டினோம். மோட்டார் நிற்கவில்லை; கேரட் இரண்டாயிற்று. தடை பட்டதும் கண்ணாடியைத் திரும்ப இறக்கும் ஏற்பாடு சில புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே வருகிறது. நம் மோட்டார்களில் அது இல்லை. மின்னோட்டம் உயர்ந்தால் நிறுத்தும் மாட்யூல்கள் உண்டு. ஆனால் கண்ணாடி எதன்மீதாவது இறுகிய பிறகே மின்னோட்டம் உயரும்.

“எல்லாரும் போடுறாங்க ஹஜ்ரத், ஒண்ணும் ஆகாது” என்றார் பட்டறைத் தம்பி. செலவழித்த பணத்தை எண்ணி மகனுக்கும் வருத்தம். உங்கள் வண்டியிலும் இது இருந்தால் முதலில் கேரட்டை வைத்துப் பாருங்கள்.

87க்குச் செல்லும் பியூஸை நாம் உருவிவிட்டோம். ஸ்விட்சுகள் பழையபடி வேலை செய்கின்றன. ரிமோட் கதவுகளை மட்டும் பூட்டுகிறது. பியூஸ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பின்னிருக்கையில் ஒரு பழைய துண்டு மடித்து வைத்திருக்கிறோம்.