காலையில் கித்தா, இரவில் கித்தார்

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. கிள்ளானில் நாங்கள் இருக்கும் மலிவுவிலை அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும். மகள் ஒன்பதரைக்கே தூங்கிவிடுவாள். மனைவிக்குக் காலை ஷிப்ட். அப்பா மட்டும் வரவேற்பறையில் தொலைக்காட்சியை ஊமையாக்கிவிட்டுப் படம் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் வைத்தாலும் அவருக்குப் பாதிதான் கேட்கும். இந்த வீட்டில்தான், 36 வயதில், நான் மின்கித்தார் பழகத் தொடங்கினேன்.

கித்தார் வாங்கிய கடையில் ஒரு வால்வு ஆம்பைக் காட்டினார்கள். "இதோட சுகமே தனி அண்ணே. ஆனா கொஞ்சம் ஏத்தி வச்சாத்தான் அந்தச் சுகம் தெரியும்" என்றார் கடைப் பையன். ஏற்றி வைத்தால் எங்கள் மாடிக்கு போலீஸ் வரும். கடைசியில் கைமாறி வந்த யமஹா டிஎச்ஆர்10 ஒன்றை 600 வெள்ளிக்கு வாங்கினேன். 2011-இல் வெளிவந்த மாடல். பழைய ரேடியோவுக்கும் டிபன் பெட்டிக்கும் பிறந்ததுபோல இருக்கும். உள்ளே 8 சென்டிமீட்டரில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். மின்சாரம் இல்லாவிட்டால் 8 பேட்டரி போட்டுக்கொள்ளலாம். சுவிட்சைத் தட்டினால் வலைக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சம் மெல்லப் பரவும், வால்வு சூடாவதைப்போல. உள்ளே வால்வே கிடையாது. வால்வு இருப்பதாக நம்மை நம்பவைக்க ஒரு விளக்கு, அவ்வளவுதான். முதல் நாள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடலிங் ஆம்ப் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாள் ஆனது. கித்தார் கம்பியின் அதிர்வை பிக்கப் மிகச் சிறிய மின்சாரமாக மாற்றுகிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. வால்வு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சி மழுங்கிப்போகும். அந்த மழுங்கல்தான் ராக் பாட்டில் நாம் கேட்கும் கரகரப்பு. டிஜிட்டல் ஆம்ப் கித்தாரின் சிக்னலை முதலில் எண்களாக்குகிறது. இன்ன வால்வு, இன்ன ஸ்பீக்கர் பெட்டி இருந்திருந்தால் இந்த அலை என்ன ஆகியிருக்கும் என்று நொடிக்குப் பல ஆயிரம் முறை கணக்குப் போட்டு, விடையை மறுபடி சத்தமாக்கிக் கொடுக்கிறது. கணக்குத்தானே, அதற்குச் சத்தம் தேவையில்லை. தொண்டை கிழியக் கத்தும் குரலை, கத்தாமலே கேட்கலாம். அடுக்குமாடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் முதல் இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு. டயலில் எட்டு வகை இருக்கிறது. கிளீன், கிரஞ்ச், லீட், பிரிட் ஹை, மாடர்ன், அப்புறம் பாஸ் கித்தாருக்கு ஒன்று, அக்குஸ்டிக்குக்கு ஒன்று, ஃபிளாட் என்று ஒன்று. நான் நேராக 'மாடர்ன்' போய் கெயினை முழுக்கத் திருகினேன். எதிரொலிக்கு டிலே. அதன் மேல் கொஞ்சம் ரிவர்ப். ஹெட்போனில் மூன்றே கார்டு வாசித்தாலும் அரங்கமே எழுந்து நிற்பதுபோல் இருந்தது. ஒருநாள் கணினியில் பதிவு செய்து மறுநாள் கேட்டேன். தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். எந்தச் சுரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கெயின் எல்லாத் தப்பையும் மூடி மறைத்திருந்தது. நான் விரலால் செய்யாததையெல்லாம் பெட்டி செய்திருந்தது.

பிறகுதான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன். முதலில் கெயின், மாஸ்டர், வால்யூம் என்ற மூன்றும் ஒன்றல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டியில் முதல் இரண்டும் சேர்ந்து கரகரப்பின் அளவைத் தீர்மானிக்கும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கித்தாருக்கென்று வேறு குமிழ் இருக்கிறது. 'கிளீன்' வையுங்கள். பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் நடுவில். எஃபெக்ட், ரிவர்ப் எல்லாம் பூஜ்யம். உள்ளேயே ட்யூனர் இருக்கிறது, சுருதி சேருங்கள். ஒரு வாரம் இப்படியே வாசியுங்கள். கஷ்டமாக இருக்கும். ஒவ்வொரு விரலின் சோம்பேறித்தனமும் கேட்கும். எனக்கு மோதிர விரல் எப்போதும் அரை நொடி தாமதம். அது தெரியவே 600 வெள்ளி செலவாகியிருக்கிறது.

இன்னொன்று. இரவில் சின்னச் சத்தத்தில் வைத்த டோன் ஞாயிற்றுக்கிழமை பகலில் சத்தம் கூட்டினால் கெட்டுப்போகும். பெட்டியின் கோளாறு இல்லை, நம் காதின் சுபாவம். மெல்லிய சத்தத்தில் காதுக்கு அடி ஸ்தாயியும் உச்ச ஸ்தாயியும் குறைவாகத்தான் எட்டும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். இரவில் பாஸ் போதவில்லை என்று ஏற்றுவோம். பகலில் அது ஜன்னலை உலுக்கும். எந்தச் சத்தத்தில் வாசிக்கப்போகிறோமோ அந்தச் சத்தத்தில்தான் குமிழைத் தொடவேண்டும். காதைப் பற்றிய இந்த விஷயம் எனக்குப் பின்னால் வேறு விதமாகத் தேவைப்பட்டது.

எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம் இருக்கிறது. 1983. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. பலகை மேடையில் ஆறு பேர். ஓரத்தில் பெரிய காலர் சட்டை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கித்தார் வாசிப்பவர் அப்பா. அப்போது அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். "காலையில கித்தா, ராத்திரி கித்தார்" என்பது அந்தக் குழுவின் வேடிக்கைப் பேச்சு. எனக்கு அந்தப் படம் மட்டும்தான் தெரியும். சத்தம் தெரியாது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று 1994-இல் நாங்கள் வெளியேறியபோது கித்தாரையும் அப்பா விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு நான் ஒன்றாம் வகுப்பு. பதின்ம வயதில் கித்தார் கேட்டபோது, "சோறு போடாது. படிக்கிற வழியப் பாரு" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. கோபம்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்த மனிதர் பிள்ளைக்கு ஒரு கார்டுகூடச் சொல்லித்தரவில்லை என்ற கோபம்.

பெட்டி வந்த பிறகு எனக்குள் ஓர் எண்ணம். உலகத்து ஆம்ப்களையெல்லாம் கணக்குப் போட்டு அடைத்திருக்கிறார்களே, அப்பாவின் சத்தம் எந்தக் குமிழில் இருக்கும்? ஒரு சனிக்கிழமை பசியாறும்போது கேட்டுவிட்டேன்.

"அப்பா, அப்போ நீங்க என்ன ஆம்ப் வச்சிருந்தீங்க? எந்த பிராண்டு?"

"ஆம்பா?" ரொட்டியைக் கோப்பியில் நனைத்தபடி சிரித்தார். "ஆம்புக்கு எங்கடா போறது? கோயில் மைக் செட்டுலதான் சொருகுவோம். பாடுறவனுக்கு ஒரு ஓட்டை, எனக்கு ஒரு ஓட்டை. ஸ்பீக்கரு தென்னமரத்துல."

தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். அதுதான் அப்பாவின் ஆம்ப்.

அன்று இரவு கொஞ்ச நேரம் எதையும் வாசிக்காமல் டயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பிரிட் ஹை' என்ற எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கதைகளில் மட்டும் கேட்ட தோட்டத்துத் துரைமார் ஞாபகம்தான் எனக்கு வரும். அந்தப் பிரிட்டிஷ் சத்தத்துக்கும் ஒரு கதை உண்டு. 1962-இல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் கித்தார்காரர்கள் ஆம்ப் கேட்டார்கள். அமெரிக்க ஆம்ப்கள் விலை அதிகம். அவரும் அவருடைய ஆட்களும் ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்து ஒன்றைச் செய்தார்கள். பாஸ்மேன் பெயரிலேயே இருக்கிறது, அது பாஸ் கித்தாருக்காகச் செய்தது. அதன் நகல்தான் மார்ஷல் ஜேடிஎம்45. 1996-இல் லைன் 6 நிறுவனம் ஆக்ஸிஸ் 212 என்ற டிஜிட்டல் மாடலிங் ஆம்பை வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து சிறுநீரக வடிவில் சிவப்பாக 'பாட்'. அங்கிருந்து இன்றுவரை எல்லாரும் கணக்குப் போடுவது அந்த நகல்களையும் சேர்த்துத்தான்.

கிடைத்ததை வைத்துச் செய்தது, தாங்காத அளவுக்கு ஏற்றியது. அந்தப் புகழ்பெற்ற சத்தங்கள் இப்படித்தான் பிறந்தன. தென்னை மரத்து ஸ்பீக்கரும் அதேதான். ஒரே வித்தியாசம், அதை யாரும் அளக்கவில்லை. எந்தப் பெட்டியிலும் அதற்கு ஒரு குமிழ் இருக்கப்போவதில்லை. தோட்டம் போனது, கோயில் இடம் மாறியது, மைக் செட் எந்தப் பழைய இரும்புக் கடையில் கரைந்ததோ. குழுவில் இருந்த ஆறு பேரில் மிச்சம் அப்பாவும் இன்னொருவரும்தான்.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று தோன்றியது. தெரிந்த விஷயங்களை வைத்துக் கணக்குப் போட்டேன். மைக்குக்கான துளையில் கித்தாரைச் சொருகினால் ட்ரெபிள் செத்துப்போகும், அந்தத் துளை கித்தாருக்கு ஏற்றதில்லை. கூம்பு ஸ்பீக்கரில் பாஸ் அநேகமாக வராது. மிச்சம் நடுப்பகுதி மட்டும். ஆக பாஸ் பூஜ்யம், ட்ரெபிள் கால்வாசி, மிடில் முழுக்க. 'கிரஞ்ச்' வைத்து, கெயினைப் பாதிக்குச் சற்று மேலே. திறந்தவெளி என்பதால் எதிரொலி துளிபோல. கேட்டால் மூக்கடைத்தவன் பாடுவதுபோல் இருந்தது. எந்தக் கித்தார் ஆசிரியரும் இப்படி வைக்கச் சொல்லமாட்டார். ஐந்து நினைவுப் பொத்தான்களில் ஐந்தாவதில் அதைச் சேமித்தேன்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில், மிக மெல்ல வாசித்துப் பார்த்தேன். வரவேற்பறையில் அப்பா தலையைத் திருப்பினார். ஊமைப் படத்தில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள். எழுந்து வந்தார்.

"இந்தச் சத்தம் இல்ல," என்றார். "ஆனா இந்தப் பக்கம்தான்."

கித்தாரை வாங்கிக்கொண்டார். முப்பது வருடம். நெஞ்சு படபடத்தது எனக்கு. இடது கை விரல்கள் கம்பியை அழுத்தப் பார்த்தன. ஒரு சுரம் வந்தது, அடுத்தது செத்த சத்தம். விரல் நுனியைப் பார்த்துவிட்டு, "காய்ப்பு போச்சுடா" என்றார். பால்மரக் கத்தி தந்த காய்ப்பும் கம்பி தந்த காய்ப்பும் வேறு வேறு இடத்தில் இருக்கும் என்று சொன்னார். அது எனக்குத் தெரியாது.

அழுத்த முடியாவிட்டாலும் ஒரு காரியம் செய்தார். பெட்டியின் பக்கமே போகவில்லை. கம்பியை மீட்டிக்கொண்டே சுண்டுவிரலால் கித்தாரிலுள்ள வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தார். கரகரப்பு அடங்கிச் சத்தம் தெளிந்தது. மறுபடி ஏற்றினார். கரகரத்தது. "பாடுறவன் பாடும்போது கொறச்சிரணும். அவன் மூச்சு வாங்கும்போது ஏத்தணும். ஒரே ஸ்பீக்கரு இல்ல? அவன் பாட்ட நாம சாப்பிட்டுரக்கூடாது."

இரண்டு மாதமாக நான் பெட்டியின் குமிழ்களையே திருகிக்கொண்டிருந்தேன். கித்தாரில் இருக்கும் குமிழை எப்போதும் பத்திலேயே வைத்திருந்தேன். சொல்லித்தரவில்லை என்று இருபது வருடம் கோபப்பட்டேன் அல்லவா, அதற்கு முதல் பாடம் இப்படி வந்து சேர்ந்தது.

இப்போது வாரத்தில் இரண்டு இரவாவது வந்து உட்காருகிறார். நான் வாசிக்க, அவர் கையால் ஏற்று, இறக்கு என்று காட்டுவார். ஐந்தாவது பொத்தானைத்தான் கேட்பார். மற்ற நாலும் அவருக்கு "ஒண்ணும் வெளங்கல".

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருக்கிறது. வயதானால் காது முதலில் உச்ச ஸ்தாயியைத்தான் இழக்கும். அப்பா காது மெஷினும் போடமாட்டேன் என்கிறார். நடுப்பகுதி மட்டும் தூக்கலாக இருக்கும் அந்த ஐந்தாவது சத்தம், 1983-இல் தென்னை மரத்திலிருந்து வந்த சத்தத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அவருக்குப் பிடிக்கிறதா, இல்லை இன்று அவர் காதுக்கு ஒழுங்காக எட்டும் சத்தம் அது ஒன்றுதானா? பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

நேற்று மகள் பெட்டியோடு விளையாடுவதைப் பார்த்து, "அஞ்சாவத மட்டும் அமுக்காத பாப்பா, அது தாத்தாவோடது" என்று சோபாவிலிருந்து குரல் கொடுத்தார். நான் அந்த அமைப்பை ஒரு தாளில் எழுதி, 1983 படத்தின் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். பாஸ் பூஜ்யம். மிடில் முழுக்க. ட்ரெபிள் கால். கித்தார் வால்யூம், பாடுகிறவர் பாடும்போது ஆறு.