லாக்ரிமாவின் முதல் மூன்று நோட்டுகள்

அன்புள்ள கண்ணம்மா,

தாரெகாவின் லாக்ரிமாவைக் கித்தாரில் ஒரு நோட்டும் தப்பாமல் வாசித்து அனுப்பியிருக்கிறாய். பதிவோடு ஒரு கேள்வியும் வந்தது: “உணர்ச்சியோடு வாசி, உணர்ச்சியோடு வாசி என்கிறார் மாஸ்டர். எங்கே நிற்க வேண்டும், எங்கே நகர வேண்டும் என்று எப்படித் தெரியும் சித்தி?” வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உணர்ச்சியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. முதல் பாரை மட்டும் எடுத்துக்கொள். மேலே ஜி ஷார்ப், ஏ, பி என்று மூன்று நோட்டு முதல் கம்பியில் 4, 5, 7ஆம் ஃப்ரெட்களில் ஏறுகிறது. கீழே நான்காம் கம்பியில் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் கூடவே ஏறி வருகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் இரண்டாம் கம்பி, பி, திறந்தபடி ஒலிக்கிறது. ஆரம்பப் பாரில் இருப்பது இவ்வளவுதான். உன் பதிவில் அந்த ஏறுகிற வரி கேட்கவில்லை, நடுவில் வரும் பி கம்பிதான் கேட்கிறது. காரணம் உன் இடது கை. திறந்த கம்பியை மீட்டிய அந்த நொடியே அடுத்த ஃப்ரெட்டுக்குக் கிளம்பிவிடுகிறாய். விரல் தூக்கியவுடன் ஜி ஷார்ப் செத்துப்போகிறது, திறந்த கம்பி மட்டும் மிஞ்சுகிறது. அப்புறம் ஏ வந்து தனியாக விழுகிறது.

தாரெகா (1852–1909) தானே கித்தார் வாசித்துப் பிழைத்தவர், கையின் கஷ்டம் தெரிந்தவர். அந்தத் திறந்த கம்பி இருப்பதால் கை இடம் மாறும் சின்ன நேரத்தில்கூட முழு மௌனம் வராது. ஆனால் அந்த வசதியை எடுத்துக்கொள்ள வேண்டியது பி ஒலித்து முடியப்போகும் கடைசித் துளியில், அது ஆரம்பிக்கும்போதே அல்ல. தாமதமாகக் கிளம்பு, நேரத்துக்குப் போய்ச் சேர். கிளம்பும் முன் கண் போய்ச் சேரும் ஃப்ரெட்டைப் பார்த்துவிட வேண்டும், விரலைப் பார்த்துக்கொண்டே போகக் கூடாது.

இரண்டாவது ஜோடியிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது விரல் அமைப்பு மாறுவதில்லை என்பதைக் கவனித்தாயா? 4, 5 என்று இருந்தது அப்படியே 6, 7 ஆகிறது. அதே இரண்டு விரல்கள் கம்பியை விட்டு எழாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் நான்காம் கம்பியில் உலோகம் சுற்றியிருக்கிறது. அதன்மேல் விரல் இழுபட்டால் கீச்சென்று சத்தம் வரும், உன் பதிவில் வருகிறது. அந்த விரலின் அழுத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு, கம்பியிலிருந்து மயிரிழை தூக்கிக்கொள். வழிகாட்டும் வேலையை முதல் கம்பியில் இருக்கும் விரலிடம் விடு. நைலான் கம்பி கீச்சிடாது.

வலது கையிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்ப்பெஜியோ பழகும்போது விரல்களை முன்கூட்டியே கம்பிமேல் வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மெட்டு ஒரே கம்பியில் போகும்போது அதுவே எமன். மோதிர விரல் முதல் கம்பியைத் தொட்ட மறுகணம் அங்கே ஒலித்துக்கொண்டிருந்த நோட்டு அணைந்துவிடும். விரல் தொடுவதும் மீட்டுவதும் ஒரே அசைவாக இருக்கட்டும். நகத்தின் ஓரம் சொரசொரப்பாக இருந்தாலும் ஒவ்வொரு மீட்டுக்கும் முன்னால் ஒரு கிறீச் வந்து வரியை அறுக்கும். 2000 அல்லது அதற்கு மேல் நம்பர் உள்ள நைஸ் தாளில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொள். அப்போயாந்தோ மீட்டு கனமாக, அழகாக இருக்கும். ஆனால் மீட்டிய விரல் போய் இரண்டாம் கம்பியில் சாயும், அங்கே ஒலிக்கும் பி நின்றுவிடும். இந்த இடத்துக்கு, விரல் அடுத்த கம்பியில் சாயாத திராந்தோதான் சரி என்பேன்.

இவ்வளவும் செய்தாலும் கித்தாரில் உண்மையான லெகாட்டோ, அதாவது நோட்டுகள் அறுபடாமல் இணைவது, கிடையாது. பாட்டி வீணையில் ஒரு முறை மீட்டிவிட்டு, இடது கையால் கம்பியை இழுத்தே அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிறப்பிப்பாரே, அந்த வசதி நமக்கு இல்லை. ஹாமர் ஆன், புல் ஆஃப் எல்லாம் உண்டு, ஆனால் ஒரு நீண்ட மெட்டை அவற்றால் மட்டுமே கொண்டுபோக முடியாது. மீட்டிய கணத்திலிருந்து ஒவ்வொரு நோட்டும் தேய்ந்துகொண்டே போகிறது, அதைத் திரும்ப வளர்க்க எந்தக் கையாலும் முடியாது. அதனால் கேட்பவருடைய காதில்தான் நாம் இணைப்பை உண்டாக்க வேண்டும். ஜி ஷார்ப்பை மீட்டு. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேள். அந்த மிச்சத்தைவிட ஒரு துளி மட்டும் கூடுதலாக ஏ-யைத் தொடு. ஏறுகிற வரி என்பதால் அந்த ஒரு துளி வேண்டும். அதற்கு மேல் போனால் தொடர்ச்சி போய், குத்துதான் கேட்கும். 7ஆம் ஃப்ரெட் பி-யில் இடது கையை மெல்ல அசைத்து வைப்ராட்டோ கொடுத்தால் நோட்டு கொஞ்சம் கூடுதலாக வாழ்வது போலத் தோன்றும். அசைவு கம்பியின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே வேண்டாம்.

நீ கேட்ட கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அந்தத் தேய்மானமே சொல்லிவிடும். ஒரு நோட்டில் நீ தங்கலாம், அது அடுத்த நோட்டைக் கைதூக்கிவிடும் அளவுக்கு உயிரோடு இருக்கும்வரை. அதைத் தாண்டித் தங்கினால் வரி அறுந்துபோகும், எவ்வளவு உருகி வாசித்தாலும் சரி. முதல் கம்பியில் ஃப்ரெட் ஏற ஏற ஒலியின் ஆயுசு குறைவு, கீழே பாஸ் கம்பிகளில் அதிகம். ஆகவே 7ஆம் ஃப்ரெட் பி-யில் ஒரு செல்லோக்காரர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீ எடுக்க முடியாது. பாப்லோ கஸால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாக் ஸ்வீட்களை அவசியம் கேள். வரியை எங்கே சாய்க்கிறார், எங்கே விடுவிக்கிறார் என்று கற்றுக்கொள். ஆனால் அவர் கையில் வில் இருக்கிறது, நோட்டைப் பிடித்தபடி வளர்க்க முடியும். அவர் எடுக்கும் நேரத்தின் அளவை அப்படியே காப்பியடிக்காதே.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். உன் பதிவில் மூன்றாவது பீட்டுக்கு முன்னால் ஒரு தயக்கம் வருகிறது. அதை இசைக்காக நேரத்தை நெகிழ்த்தும் ருபாட்டோ என்று நீ நினைத்திருக்கலாம். எனக்கு அது 7ஆம் ஃப்ரெட்டைத் தேடும் கையின் தயக்கமாகத்தான் கேட்டது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கித்தாரைக் கீழே வைத்துவிட்டு மெட்டைப் பாடு. பாடும்போதும் அதே இடத்தில் நின்றால் அது உன் இசை, வைத்துக்கொள். பாடும்போது நிற்காமல் போனால் அது கையின் சிரமம், அதைச் சரிசெய். கை கஷ்டப்படுகிற இடங்களில் எல்லாம் பாட்டு மெதுவாகிவிட்டு, அதற்கு உணர்ச்சி என்று பேர் வைப்பதைப் பெரிய மேடைகளில்கூடக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறுப்பதில்லை.

நேரம் எடுக்க நியாயமான இடங்கள் என்றால், உரசலாக நிற்கும் ஒரு நோட்டு அடுத்ததில் தீர்கிற இடம், ஹார்மனி எதிர்பாராமல் திரும்புகிற இடம், வரியின் உச்சி. நடுப்பகுதி ஈ மேஜரிலிருந்து ஈ மைனருக்கு மாறுகிறது அல்லவா, அந்த வாசலில் கொஞ்சம் மூச்சு விடு. எல்லா இடத்திலும் நின்றால் எந்த இடமும் நின்றதாகத் தெரியாது. எடுத்த நேரத்தை அதே பாருக்குள் திருப்பிக் கொடுக்கவும் பழகு. போனில் இருக்கும் மெட்ரோனோமைப் பீட்டுக்கு ஒன்றாக வைக்காமல் பாருக்கு ஒன்றாக வை. நிமிடத்துக்கு 72 பீட் என்றால் மூன்று பீட் பாருக்கு 24 தட்டுதான் வரும். உள்ளே எப்படி வேண்டுமானாலும் சாய்ந்துகொள், தட்டு விழும்போது பாரின் தலையில் இரு. ஆரம்பத்தில் தடுமாறும், விடாதே.

மெதுவாகப் பழகு என்று எல்லோரும் சொல்வார்கள். லெகாட்டோவுக்கு அது பாதிதான் பொருந்தும். மிகவும் மெதுவாக வாசித்தால் அடுத்த நோட்டு வருவதற்குள் முந்தையது தேய்ந்து தீர்ந்துவிடும், இணைப்பைக் காதால் கேட்கவே முடியாது. வேகத்தைக் குறைப்பதற்குப் பதில் நோட்டுகளைக் குறை. அசல் வேகத்தில் மெட்டை மட்டும் வாசி. பிறகு பாஸைச் சேர். கடைசியில் திறந்த கம்பியைச் சேர், மெட்டைவிடச் சன்னமாக.

கேட்பதற்கு, ரெகுவேர்தோஸ் தெ லா அல்ஹாம்ப்ராவை செகோவியா (1893–1987) வாசித்ததையும் ஜான் வில்லியம்ஸ் வாசித்ததையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். தேயும் நோட்டைத் திரும்பத் திரும்ப மீட்டி நீண்ட குரலாக்கும் ட்ரெமோலோ அது, நம் வாத்தியத்தின் குறைக்கு தாரெகா கண்ட இன்னொரு வழி. செகோவியா தாராளமாக நேரம் எடுப்பார், அது அவர் காலத்து ருசி. வில்லியம்ஸ் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போவார். இப்போதைக்கு வில்லியம்ஸ் பக்கம் நில் என்பேன். இணைப்பு கைவந்த பிறகு சுதந்திரம் எடுக்கலாம். லாக்ரிமா முடிந்ததும் தாரெகாவின் சீடர் யோபெத் அமைத்த கேட்டலன் நாட்டுப்பாடல்களில் ஒன்றை எடு. பாட்டாகவே பிறந்த மெட்டு என்பதால் பாடிப் பார்ப்பது இன்னும் சுலபம்.

அம்மாவிடம் நான் போன் பண்ணுவதாகச் சொல். உன் பாஸ் கம்பிகள் மங்கிவிட்டன, தேர்வுக்கு முன்னால் செட்டை மாற்றிவிடு. ஆனால் முதல் நாள் மாற்றாதே. புது நைலான் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதியில் நிற்க சில நாளாகும்.

அன்புடன்,
சித்தி