எட்டடிப் பசு

கோவில்பட்டிக்கு நான் போனது கொண்டையா ராஜுவைத் தேடி. காலண்டர் சாமிப் படங்களுக்கு முகம் கொடுத்தவர் அவர். 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதுகிறவராக ஊர் ஊராகச் சுற்றினார். கம்பெனி கலைந்த பிறகு இந்தக் கரிசல் ஊரிலேயே தங்கிவிட்டார். இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் சிவகாசி. அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் அங்கே அச்சேறி, நாடு முழுக்கப் பூஜை அறைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் போனார்கள். 1976இல் அவர் காலமானார்.

பேருந்து நிலையத்துக்கு எதிர்த்த டீக்கடையில் விசாரித்தேன். "படம் எழுதுத ஆளா? நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. தகரக் கொட்டகை. ஆனா இந்நேரம் சுவருக்குப் போயிருப்பாங்க" என்றார் கடைக்காரர். நான் கேட்டது வேறொருவரை என்று விளக்கப் போனேன். அதற்குள் அவர் அடுத்த டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

அப்படித்தான் அண்ணாச்சியையும் அந்தப் பையனையும் பார்த்தேன். சாத்தூர் போகும் பழைய சாலையில், ஒரு கிட்டங்கியின் நீளச் சுவர். மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்றின் விளம்பரம். அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து இருக்கும். பையனுக்குப் பத்தொன்பது. சுவரைத் தகட்டால் சுரண்டி, வெள்ளை இரண்டு கை அடித்துக் காயவிட்டிருந்தார்கள். நீலப்பொடியில் புரட்டிய நூலை ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினார்கள். டப் என்ற சத்தத்தோடு சுவரின் குறுக்கே ஒரு நேர்கோடு விழுந்தது. ஸ்கேல் வைத்து இருபதடிக்குக் கோடு போட்டால் எங்காவது ஒரு இடத்தில் வயிறு தள்ளிவிடும். நூலில் அந்தக் கதையே இல்லை.

எழுத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி நடு எழுத்தைத்தான் முதலில் சாக்பீஸால் குறித்தார். கம்பெனிப் பெயரை விரல்விட்டு எண்ணினார். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அரை இடம். ணகரத்துக்கும் ஞகரத்துக்கும் ஒன்றரை. எல்லாவற்றையும் கூட்டிப் பாதியை நடுவில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் போனார். 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அவர் தொழிலுக்குப் புதுசு. "அதுக்கு முந்தி லை, னையெல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலேயே வளைஞ்சு முடிஞ்சிரும். சீர்திருத்தம் வந்து முன்னால தனியா ஒரு எழுத்த நிப்பாட்டிட்டாங்க. ஒரு எழுத்து இடம் ஒண்ணரையாப் போச்சு. 'விற்பனை நிலையம்'னு எழுதுததுக்குள்ள சுவரு தீந்துரும்" என்றார். அந்தச் சீர்திருத்தத்தைப் பற்றி எத்தனையோ விவாதங்கள் கேட்டிருக்கிறேன். சதுர அடிக் கணக்கில் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

எழுத்து அண்ணாச்சி வேலை, படம் பையன் வேலை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த உள்ளங்கை அகல மாதிரித் தாளில் கறுப்பு வெள்ளைச் சீமைப் பசு ஒன்று நின்றது. அதன்மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போட்டிருந்தான். அதே எண்ணிக்கையில் சுவரிலும் பெரிய கட்டங்கள். தாளில் ஒரு கட்டத்துக்குள் என்ன கோடு இருக்கிறதோ அது சுவரில் ஒரு கட்டத்துக்குள். சினிமா பேனர் வரைந்தவர்கள் கட்டடம் உயரத்துக்கு முகங்களை எழுப்பியதும் இந்த வழியில்தான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறவனுக்குப் பசு தெரியாது, பசுவின் ஒரு முழத் தோல்தான் தெரியும். அதனால் பையன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாலையைக் கடந்து எதிர்ப்புறம் ஓடி நின்று பார்த்தான். குறுக்கே லாரி வந்தால் காத்திருந்தான். திரும்பி ஓடிவந்து, பின்னங்காலை அரை விரல் உள்ளே தள்ளினான். ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை கடந்தான். எண்ணினேன்.

ஃபிளெக்ஸ் வந்த பிறகும் சுவருக்கு ஆள் தேடுகிறார்களா என்று கேட்டேன். "கல்யாணம், காதுகுத்து, நினைவஞ்சலி எல்லாம் போயாச்சு சார். காடாத் துணிய சட்டத்துல அடிச்சு, வஜ்ரம் காய்ச்சிப் பூசி, ராத்திரியெல்லாம் முகம் எழுதுன காலம் முடிஞ்சுது. விதை, உரம், சிமெண்டு, தீவனம் இவங்கதான் வாராங்க. ரோட்டோரத்துல ஃபிளெக்ஸ் கட்டுனா மூணாம் நாள் அது ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாயிருதுல்லா!"

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பையன் தன் நோட்டைக் காட்டினான். கேட்டதும் தரவில்லை. கையைத் துடைத்து, பையிலிருந்து பாலித்தீன் உறையோடு எடுத்தான். உள்ளே பக்கம் பக்கமாக ஜப்பானியக் கார்ட்டூன் முகங்கள். கூரிய தாடை, காற்றில் பறக்கும் முடி, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். கோட்டில் தயக்கம் இல்லை. ஆனாலும் எல்லா முகமும் ஒரே முகம். "எல்லாப் பிள்ளைக்கும் முழியப் பிதுக்கி வச்சிருக்கான்" என்றார் அண்ணாச்சி, ரசத்தை உறிஞ்சியபடி. பையன் சிரித்தான். இதைப் பல தடவை கேட்டவன் சிரிப்பு.

அவனுக்குச் சென்னைக்குப் போய்ப் படிக்க வேண்டும். அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் பிறகு அனிமேஷன், இல்லையென்றால் சினிமாவில் கலை இயக்கம். நுழைவுத் தேர்வில் வரையச் சொல்வார்கள் என்று தெரிந்து, தினமும் இரவில் இரண்டு மணி நேரம் பழகுகிறான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கி, பிறகு அந்தக் கல்லூரியாக மாறிய ஓவியப் பள்ளியில்தான் இந்த ஊர் கொண்டையா ராஜுவும் படித்தார் என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. "நம்ம வீட்டு முருகன் படம் அவரு எழுதுனதுதாம்ல" என்று அண்ணாச்சி அதட்டியதும், "அதுல ஓரத்துல ரெண்டு பேரு இருக்குமே?" என்றான். கவனித்திருக்கிறான். கொண்டையா ராஜுவும் சீடர் டி.எஸ். சுப்பையாவும் ஒரே படத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யார் கை எங்கே முடிந்தது, யார் கை எங்கே தொடங்கியது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பையனுடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். ஆபீஸ் என்றாலும் தொழிற்சாலைதான், இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மகன் அரசு டிராயிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் முடித்து, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. தெருவில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருக்கிறாராம், பகுதி நேரம். 2012இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அதில் ஒருவர். ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவர்கள் போராடிய செய்திகளை வருஷா வருஷம் படித்திருக்கிறேன். "அவரு லீவுல எங்க கூடத்தான் சுவருக்கு வாராரு" என்றான் பையன்.

எனக்கும் ஒரு காலத்தில் கை வந்தது. பத்தாம் வகுப்பில் பாதி வகுப்புக்குச் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் நான்தான் வரைந்துகொடுத்தேன். படத்துக்கு ஒரு பரோட்டா. அதோடு நின்றது என் கலை வாழ்க்கை. அதனால் அறிவுரை சொல்லும் தகுதி இல்லை என்று தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசுதான் அவர்கள் ஓவியத்துக்குச் சோறு போட்டது என்று சொன்னேன். "அந்தத் துணியையும் கண்காட்சியில வச்சாங்களா?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அவன் நோட்டில் ஒரு சுவர் கூட இல்லை. செல்போனில் சுவர்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறான், கம்பெனிக்கு அனுப்பிக் கூலி வாங்குவதற்காக. நோட்டு வேறு, சுவர் வேறு. ஒன்று கலை, மற்றொன்று வேலை.

மூன்று மணி வாக்கில் பசு முழுசாக எழுந்து நின்றது. எட்டடி உயரம். இந்த முறை சாலையைக் கடந்து போய்ப் பார்த்தது அண்ணாச்சி. கண்ணைச் சுருக்கினார். "ஏல, சீமைப் பசுவுக்கு எங்க இவ்வளவு அலைதாடி?" மாதிரித் தாளில் இருந்த பசுவுக்குக் கழுத்து வழுவழுவென்று இருந்தது. சுவர்ப் பசுவின் கழுத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்கியது. பையன் தலையைச் சொறிந்தான். தாத்தா வீட்டு மாட்டின் கழுத்தை நினைத்துக்கொண்டே இழுத்துவிட்டானாம், கட்டத்தைப் பார்க்காமல். அழிக்கட்டுமா என்றான். அண்ணாச்சி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "கிடக்கட்டும். தீவனம் தின்னு தொங்குதுன்னு நினைச்சுக்கிடுவான்."

அன்று முழுக்க நான் பார்த்த கோடுகளில் உயிருள்ளது அந்த மடிப்புதான். நோட்டில் உள்ள நூறு முகங்களை அந்த ஒரு கழுத்துக்கு ஈடு சொல்ல மாட்டேன். கல்லூரிக்குக் கொண்டுபோகும் படங்களில் இதையும் வை என்றேன். "மாட்டுத் தீவனத்தையா?" என்று கூச்சத்தோடு கேட்டான்.

கடைசியாக, வலது மூலையில் கையெழுத்து. அண்ணாச்சி சின்ன பிரஷ்ஷை எடுத்துத் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' போட்டார். கீழே செல் நம்பர். அதைப் பையன் எழுதினான், மனப்பாடமாக. அவனுடைய நம்பர் அது. அண்ணாச்சிக்கு ஏணிமேல் நின்று போன் எடுக்கத் தோதுப்படாது, காதும் கொஞ்சம் மந்தம். நாலு வருஷமாக எல்லாச் சுவரிலும் பெயர் அவருடையது, நம்பர் இவனுடையது.

"இவன் மெட்ராசுக்குப் போயிட்டா அம்புட்டுச் சுவத்துலயும் நம்பர அழிச்சு எழுதணும்" என்றார் அண்ணாச்சி, டர்பன்டைனில் பிரஷ்ஷை அலசிக்கொண்டே.

"அழிக்காண்டாம் அண்ணாச்சி" என்றான் அவன். "அங்க இருந்தே எடுத்துப் பேசிக்கிடுதேன்."