வேலியோரத்துச் சிங்களம்

வவுனியா பசார் வீதியில் கடை வைத்திருப்பவர்கள், வந்தவர் வாயைத் திறக்குமுன்பே எந்த மொழியில் பேசுவதென்று முடிவுசெய்துவிடுகிறார்கள். குடை வாங்கப் போன என்னிடம் தமிழில் விலை சொன்ன பையன், பின்னால் வந்த அம்மாவிடம் சிங்களத்துக்கு மாறினான். அவர் மடுக்கந்தையிலிருந்து வந்தவராம். கொஞ்ச நேரத்தில் கடைக்குள் வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் ஆங்கிலத்திலும் பேரம் பேசினான்.

“எங்க தம்பி படிச்சனீர்?”

“படிக்கேல்லை ஐயா. கடையில நிண்டு பழகினதுதான். பிழையாக் கதைச்சா வாறவையே திருத்திவிடுவினம்.”

வவுனியா இப்படிப்பட்ட ஊர்தான். வடக்கே ஓமந்தை, நெடுங்கேணி என்று தமிழ் ஊர்கள். தெற்கேயும் கிழக்கேயும் ஈரப்பெரியகுளம், மாமடு, மடுக்கந்தை என்று சிங்கள ஊர்கள். இடையிடையே முஸ்லிம் ஊர்கள். 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேட்டைப் புரட்டினாலும் இரண்டு மொழிக் கிராமங்களும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. நெல் விற்கவும் மருந்து எடுக்கவும் எல்லோரும் இந்த ஒரே பட்டினத்துக்குத்தான் வர வேண்டும். அந்தத் தேவைதான் கடைப் பையனுக்கு ஆசிரியர்.

யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் ஒரே ஆண்டில், 1956இல். சட்டத்தின் பலனை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அப்பா அநுராதபுரத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் நிற்கும் என்று சுற்றறிக்கை வந்த காலம் அது. சோதனைக்குத் தோற்ற மறுத்து, ஏற்றத்தை இழந்து, அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார் கோடீஸ்வரன் என்ற உத்தியோகத்தர். அந்த வழக்கு 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அப்பாவுக்கு அவ்வளவு துணிவில்லை, பிள்ளைகள் நால்வர். இராவிராவாகப் படித்துச் சோதனை பாஸ் பண்ணினார். சிங்களத்தில் கடிதம் வரைவார், கோவை வாசிப்பார். ஆனால் கந்தோருக்கு வெளியே அவர் அந்த மொழியில் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. மீன்காரன் வந்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்.

அம்மாவுக்குச் சிங்கள எழுத்து ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு நோனாவோடு வேலியோரம் நின்று கதைத்தே பழகினார். சித்திரை வருடத்துக்கு அங்கிருந்து கிரிபத்தும் கொக்கிஸும் வரும். இங்கிருந்து பயத்தம் பணியாரம் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல், கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எல்லாவற்றையும் அம்மா சிங்களத்தில் சொல்வார். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லொறி ஏறி வடக்கே வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிங்களம் பேசவில்லை. எனக்குத் தெரிந்ததையும் நான் பள்ளிக்கூடத்தில் மறைத்தேன்.

வவுனியாவிலிருந்து ஏ9இல் வடக்கே போகும் பஸ்ஸில் இருந்தபோது இதெல்லாம் நினைவில் ஓடியது. ஓமந்தை தாண்டினால் ஒரு பெரிய இடைவெளி தொடங்குகிறது. 1990இல் போரால் ரயிலும் வீதியும் நின்றன. வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிக்கொண்டது. ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வர 2013 செப்டெம்பர் ஆகிவிட்டது. இந்தக் காலத்தில் புளியங்குளத்துக்கு வடக்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் சிங்களப் பொதுமகன் ஒருவரோடு முகம் பார்த்துப் பேசியதே இல்லை. அவர்கள் காதில் முதலில் விழுந்த சிங்களம் போர் முடிந்த பின் சோதனைச் சாவடியில் கேட்ட கட்டளைகள்: இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையை எடு. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். பிறகு சில பாடசாலைகளில் இராணுவத்தினரே வந்து சிங்களம் படிப்பித்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்களும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் சீருடையைப் பார்த்ததும் பிள்ளையின் வாய் கட்டிக்கொள்ளும். பிழையாகப் பேசிப் பார்க்கும் துணிவு எங்கிருந்து வரும்?

முறிகண்டியில் பஸ் நின்றது. இந்த வீதியில் போகும் எந்தச் சாரதியும் அந்தச் சின்னப் பிள்ளையார் கோயிலைக் கும்பிடாமல் தாண்டமாட்டார். நயினாதீவு நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் இங்கே இறங்கித் தேங்காய் உடைக்கிறார்கள். கச்சான் விற்கும் பெண்கள் சரம்போலக் கட்டிய பொட்டலங்களைத் தூக்கிப் பிடித்து, “ரட்டகஜு, ரட்டகஜு” என்று கூவிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி காலியிலிருந்து வந்த கிழவியோடு பேரம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டு நின்றாள். எத்தனை பிள்ளைகள், யாருக்கு நேர்த்தி என்று. யாழ்ப்பாணத்தில் வெயில் கடுமையோ என்று அவர் கேட்க, இவள் தொப்பி வாங்கச் சொன்னாள். இரண்டு பேருடைய இலக்கணமும் எங்கெங்கோ போனது. அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை.

கிளிநொச்சிக்குச் சற்று முன்னால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இங்கேதான். படிப்பு ஆங்கிலத்தில். மாத்தறை, குருநாகல் பிள்ளைகளும் இங்கு வருகிறார்கள். வாசலுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் இரண்டு சிங்கள மாணவர்கள் “அம்மா, இன்னும் கொஞ்சம் சொதி” என்று தெளிவான தமிழில் கேட்டார்கள். கடைக்கார அம்மா சிரித்தார். “வந்த புதுசில விரலைக் காட்டிக் காட்டித்தான் சாப்பிட்டவை. இப்ப எங்கட வீட்டுக் கலியாணத்துக்கும் வருவினம்.” அதே மாணவர்களிடம் விரிவுரை மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். அங்கே தமிழர் ஒரு பக்கம், சிங்களவர் ஒரு பக்கம் என்றார்கள். ஒரே மண்டபத்தில் இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. ஒருவருக்கு மற்றவரிடம் ஏதாவது வேண்டும், பசியாவது வேண்டும்.

இந்தப் பயணத்தில் நான் முக்கியமாகத் தேடி வந்த இடம் கிளிநொச்சிப் பக்கத்துக் கிருஷ்ணபுரம். அங்கும் பாரதிபுரம், மலையாளபுரம், ஜெயபுரம் போன்ற ஊர்களிலும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல. எழுபதுகளின் பஞ்சமும் 1977 கலவரமும் அவர்களைத் தோட்டங்களிலிருந்து துரத்தின. வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். வவுனியாவை மையமாகக் கொண்ட காந்தீயம் இயக்கம் அப்படி வந்தவர்கள் பலருக்குக் கைகொடுத்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

நண்பர் ஒருவர் அழைத்துப்போன வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விறாந்தையில் இருந்து சிங்களப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து சிங்களம் கட்டாயப் பாடம், இரண்டாம் தேசிய மொழி. ஆசிரியர் மாறிப் போய் ஒரு தவணை ஆகிறதாம். பாட நேரத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். “மம பாசலட்ட யமி” (நான் பள்ளிக்கூடம் போகிறேன்) என்று அவள் கொப்பியைப் பார்த்து உரக்க வாசித்தாள். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி களுக்கென்று சிரித்தார்.

“அப்புடி யாருடி பேசுறா? ‘மம இஸ்கோலெட்ட யனவா’ன்னு சொல்லு.”

பேத்தி திகைத்துப் போனாள். “அம்மாயி, உங்களுக்குச் சிங்களம் தெரியுமோ?”

பாட்டி பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்களோடு ஒரே மலையில் பால் வெட்டியவர். பலாக்காய் வாங்கி, சீட்டுப் போட்டு, பிள்ளைப்பேறு பார்த்து வளர்ந்த சிங்களம் அது. ஐம்பது வருடமாய் இந்த வீட்டில் அதை வெளியே எடுக்கவில்லை.

“ஏனம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை?”

“அத எப்புடிங்க சொல்லிக் குடுக்குறது? வந்த புதுசுல எங்க தமிழையே கேலி பண்ணுனாங்க. சிங்களமும் பேசுனா எந்த ஊரு ஆளுன்னு கேப்பாங்க. அப்புறம் சண்டை வந்துருச்சு. அந்தப் பேச்ச வாயில வச்சிருக்கவே பயமா இருந்துச்சுங்க.”

நான் பள்ளிக்கூடத்தில் மறைத்ததையும் அவரிடம் சொன்னேன். அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குத் தட்டுத்தடுமாறிப் பதில் வந்தது. பேத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று பின்னேரம் முழுக்க அவள் கேட்க, பாட்டி சொல்ல, நடுவில் நான் திணற, ஒரு வகுப்பே நடந்தது.

அடுத்த நாள் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முஸ்லிம்கள் 1990 ஒக்ரோபரில் வடக்கின் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டவர்கள். புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் அகதிகளாய் வளர்ந்த பிள்ளைகள், திரும்பி வந்தபோது சிங்களமும் கொண்டுவந்தார்கள். தண்ணீரூற்றில் ஒரு பலசரக்குக் கடை நானா, காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கடிதங்களைக் காட்டினார். எல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு வந்தவை. “கந்தோர்க் கடிதம், பொலிஸில எழுதின வாக்குமூலம் எல்லாம் இஞ்சதான் வரும். சிங்களத்தில எழுதி ஒப்பம் வைக்கச் சொல்லுவாங்க. என்ன எழுதியிருக்கெண்டு தெரியாம எப்படி வைக்கிறது?” தமிழ் அரசகரும மொழியாக 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தோடு ஆகிவிட்டது. சட்டம் சொல்வதற்கும் மேசையில் நடப்பதற்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை இந்த நானா சம்பளம் வாங்காமல் நிரப்பிக்கொண்டிருக்கிறார். வெளியேற்றப்பட்டதற்கு ஊர் அவரிடம் இன்னும் கடன்பட்டிருக்கிறது. கடன் தந்தவரே உதவியும் செய்கிறார்.

நாயாறு தாண்டிக் கொக்கிளாய்க் கரைக்குப் போனபோது வாடிகளில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள். அந்தக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் முந்தைய தலைமுறை வீட்டில் தமிழ்தான் பேசியது. பள்ளிக்கூடம் சிங்களமானதும் பிள்ளைகளின் மொழியும் மாறியது. ஒரு கிழவர் இன்னும் தமிழில் செபம் சொல்வதாகச் சொன்னார். உடனே மனம் நெகிழ்ந்துவிடக் கூடாது. 1984 டிசம்பரில் இந்தக் கரையில் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர்கள் விரட்டப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் ஊர் காணாமல் இருந்தார்கள். திரும்பியவர்கள் கரைவலைப் பாட்டுக்கும் காணிக்கும் இன்றும் வழக்காடுகிறார்கள். ஒரு தமிழ் மீனவர் சொன்னார்: “அவையின்ர பாஷை எனக்கு நல்லாத் தெரியும். என்ர கரையை எடுத்துப்போட்டியள் எண்டு அவையின்ர பாஷையிலேயே சொல்லியிருக்கிறன்.” இரு மொழி தெரிந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் இவரோடு ஒரு நாள் பேச வேண்டும். சண்டை எதைப் பற்றியது என்பதையாவது இருவரும் விளங்கிக்கொள்ளலாம். அதற்குமேல் நீதி வேண்டும்; அது அகராதியில் இல்லை.

2007இல் வந்த ஒரு சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச ஊழியர் எவரும் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியைக் கற்க வேண்டும் என்றது. சிங்கள உத்தியோகத்தர் தமிழும் படிக்க வேண்டும் என்பதால் அப்பா காலத்துச் சட்டத்தைவிட இது நேர்மையானது. ஆனாலும் அப்பாவைப்போல் சோதனை பாஸ் பண்ணிவிட்டு வாய் திறக்காதவர்களைத்தான் அது மறுபடி உண்டாக்கும், ஊர் கூட நிற்காவிட்டால். வன்னியில் ஆசிரியர் இல்லை என்று பாடசாலைகள் சொல்கின்றன. ஆசிரியர்கள் அரிசி புடைத்துக்கொண்டும், கச்சான் வறுத்துக்கொண்டும், அயலவர் கடிதம் வாசித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் படித்த விதம் கசப்பானது என்பதால் நாம் அதைப் படிப்பாக எண்ணவில்லை, அவர்களும் எண்ணவில்லை. சனசமூக நிலையத்தில் கிழமைக்கு ஒரு பின்னேரம் கதிரை போட்டு, இரத்தினபுரிப் பாட்டியையும் தண்ணீரூற்று நானாவையும் இருத்திப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டால் போதும். புதிதாக மாற்றலாகி வரும் சிங்கள உத்தியோகத்தரும் அங்கே வரட்டும், தமிழ் படிக்க. அவருக்கும் ஊரிடம் ஏதாவது தேவைப்பட வேண்டும். கையெழுத்து வாங்க வரும் நம்மிடம் மட்டும் தேவை இருந்தால் அந்த வகுப்பு ஒரு மாதம்கூடத் தாங்காது.