குறை யாரிடம்?

தமிழில் 'குறை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று இல்லாமை, மற்றொன்று குற்றம். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் வீடுகளில் இவ்விரண்டும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. 'யாரிடம் குறை?' என்று கேட்பவர் உடலில் எது இல்லை என்று கேட்கிறாரா, குற்றவாளி யார் என்று கேட்கிறாரா என்பது பெரும்பாலும் அவருக்கே தெளிவாக இருப்பதில்லை. 'மலடி' என்ற சொல் நாவில் எளிதாக வந்துவிடுகிறது. 'மலடன்' என்ற சொல்லோ அகராதிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. மருத்துவம் 'காரணம்' என்று சொல்வதைக் குடும்பம் 'குற்றம்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது.

புனே நகரின் மேற்கே உள்ள பாணேர், துகாய் அம்மன் கோயில் அமைந்த குன்றின் அடியில் இருந்த சிற்றூர். இன்று அது ஹிஞ்சவடியின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரும், பாஷாணில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களில் ஆய்வு செய்வோரும் குடியிருக்கும் அடுக்கக நகர். கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப்பலகைகள் இங்கே கண்ணில் படாமல் போவதில்லை. அவற்றின் காத்திருப்பு அறைகளில் மராத்தியும் இந்தியும் தெலுங்கும் தமிழும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகின்றன.

அவ்வறைகளுள் ஒன்றில் பல மாதங்களைக் கழித்த ஓர் ஆய்வு மாணவி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவள். வயது முப்பத்து மூன்று. திருமணமாகி நான்கு ஆண்டுகள். கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கரு உருவாகாவிட்டால் அதனை மருத்துவம் குழந்தைப்பேறின்மை என்று வரையறுக்கிறது. பெண்ணின் வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தால் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திராமல் சோதனைகளைத் தொடங்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலையை எதிர்கொள்கிறார். ஆறில் ஒருவருக்கு நேர்வது அபூர்வமன்று. எனினும் ஒவ்வொரு வீட்டிலும் அது தனித்த ஓர் இரகசியமாகவே காக்கப்படுகிறது.

பெண்ணின் உடல் சார்ந்த காரணங்களை மூன்று கேள்விகளுக்குள் அடக்கலாம். சினைமுட்டை வெளிவருகிறதா? அது செல்லும் வழி திறந்திருக்கிறதா? கரு தங்கும் இடம் அதனை ஏற்கிறதா?

முதற்கேள்விக்கு 'இல்லை' என்ற விடை வரும்போது பெரும்பாலும் முன்னிற்பது பிசிஓஎஸ் எனப்படும் நிலை. இனப்பெருக்க வயதுப் பெண்களில் நூற்றுக்கு எட்டு முதல் பதின்மூன்று பேருக்கு இது உண்டு. சிகாகோவின் ஸ்டீன், லெவன்தால் என்னும் மருத்துவர்கள் 1935இல் ஏழு பெண்களின் நிலையைக் கொண்டு இதனை விவரித்தனர். 'நீர்க்கட்டி' என்ற வழக்குப் பெயர் தேவையற்ற அச்சத்தை விளைவிக்கிறது. அங்கே இருப்பவை நோய்க்கட்டிகள் அல்ல. முதிர்ச்சி பெறாமல் பாதியில் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகளே. உடல் எடை மிகுந்தவர்கள் அதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தாலே சிலருக்கு மாதச் சுழற்சி சீராகிறது. பலருக்கு மாத்திரைகள் பயனளிக்கின்றன. தைராய்டுக் கோளாறும், புரோலாக்டின் மிகுதலும், நாற்பதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுதலும் இதே வரிசையில் வருவன.

மூன்றாம் கேள்வியில் நார்க்கட்டிகளும், பிறவியிலேயே கருப்பைக்குள் அமைந்த தடுப்புச் சுவரும், உட்சுவர் ஒட்டிக்கொள்ளுதலும் அடங்கும். எண்டோமெட்ரியோசிஸ் இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு இடையே நிற்பது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு வெளியே வளர்ந்து, மாதந்தோறும் கடும் வலி தரும் நோய் இது. உலகில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருந்தும் கண்டறியப்படப் பல ஆண்டுகள் ஆகின்றன. 'மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்' என்ற அறிவுரையே அத்தாமதத்தின் பெரும்பகுதி.

அம்மாணவிக்கு விடை இரண்டாம் கேள்வியில் இருந்தது. கருக்குழாய் எக்ஸ்ரேயில், செலுத்திய சாயம் இருபுறமும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கருப்பை உட்படலத்தின் திசுச் சோதனை காசநோயைக் காட்டியது. அவளுக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இந்தியப் பெண்களின் கருக்குழாய் அடைப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இந்த ஓசையற்ற காசநோய். எப்போதோ நுரையீரலில் நுழைந்த கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாயை அடைந்து, ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. ஆறு மாத மருந்து கிருமியை அழிக்கும், தழும்பை அழிப்பதில்லை.

அடைபட்ட வழியைத் தாண்டிச் செல்வதற்கென்றே தோன்றியது வெளிச்சோதனைக் கருவூட்டல். 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது, அவருடைய தாயின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்ததனால்தான். ஆகவே அம்மாணவிக்கு வழி இருந்தது. வழியை விடக் கடினமாக இருந்தது அவள் அம்மாவின் தொலைபேசி அழைப்பு.

"நம்ம பக்கம்தான் குறைன்னா நாமதானே பார்த்துக்கணும், கண்ணு. மாப்பிள்ளையை எதுக்கு அலைய வைக்கணும்?"

மாப்பிள்ளை அதுவரை அலைந்ததே இல்லை. ஒன்பது மாதங்களாக அவளுக்கு இரத்தச் சோதனைகளும் ஸ்கேன்களும் வலி மிகுந்த எக்ஸ்ரேயும் நடந்தன. அவருடைய விந்துச் சோதனை நடக்கவில்லை. செலவிலும் வலியிலும் மிகக் குறைந்தது அச்சோதனை. குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது என்பது பாடநூல் செய்தி. அவர் மறுக்கவில்லை, அவரை யாரும் கேட்கவே இல்லை.

அம்மாவிடம் அவள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. பள்ளிப் பருவத்தில் தாத்தா காசநோயுடன் படுத்திருந்த அறையில்தான் அவளும் உறங்கினாள். பாய் விரித்துப் போட்டவள் அம்மா. கிருமி அங்கிருந்துதான் வந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. பேருந்திலும் வகுப்பறையிலும் விடுதியிலும் அதே காற்று உண்டு. ஆயினும் காரணத்தைச் சொன்ன கணமே அம்மா அதனைத் தன் குற்றமாக எடுத்து மடியில் கட்டிக்கொள்வாள் என்பது மகளுக்குத் தெரியும். குற்றவாளியைத் தேடும் கண் ஒரு பெண்ணை விட்டு நகர்ந்தால் அடுத்த பெண்ணிடம்தான் போய் நிற்கிறது.

இதே புனேயின் கேலக்ஸி கேர் மருத்துவமனையில் 2017 மே மாதம், மருத்துவர் சைலேஷ் புண்தாம்பேகர் தலைமையிலான குழு, குஜராத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய தாயின் கருப்பையைப் பொருத்தியது. கருப்பையின் உட்சுவர் ஒட்டிப்போகும் ஆஷர்மன் நிலை அப்பெண்ணுக்கு இருந்தது. கருச்சிதைவுக்கோ பேறுகாலத்துக்கோ பின் கருப்பையைச் சுரண்டித் தூய்மை செய்வது அதன் முதன்மையான காரணம். காசநோயும் அதனை விளைவிக்கும். 2018 அக்டோபர் 18 அன்று அக்கருப்பையிலிருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆசியாவில் இத்தகைய முதற்பிறப்பு அது. தாயை ஈன்ற கருப்பையே மகளையும் ஈன்றது. அச்செய்தியைப் படித்தோர் மருத்துவத்தின் திறனை வியந்தனர், வியக்கத்தக்கதுதான். ஆனால், ஒரு சாதாரணச் சிகிச்சை விட்டுச்சென்ற தழும்புக்கு ஈடாக இரண்டு பெண்கள் பேரறுவைக்கு உட்பட வேண்டியிருந்தது என்பதும் அதே செய்தியின் பகுதி.

ஆய்வுலகம் பேசத் தயங்கும் காரணம் வயது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது இலட்சம் முட்டைகள் இருக்கின்றன. பருவமடையும்போது மூன்று நான்கு இலட்சமே எஞ்சுகின்றன. முப்பத்தைந்துக்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் விரைந்து குறைகிறது. முதுகலை, தகுதித் தேர்வு, முனைவர்ப் பட்டம், பின்முனைவர் ஆய்வு, நிலையற்ற ஒப்பந்தப் பணி என்ற ஏணியின் படிகள் அதே ஆண்டுகளில்தான் அமைந்துள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை ஆய்வு மாணவியருக்கு 240 நாட்கள் வரை மகப்பேற்று விடுப்புக்கு இடமளிக்கிறது. கருவுறுவதற்காக ஊசி போட்டுக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேனுக்கு ஓடும் வாரங்களை எந்த விடுப்பில் எழுதுவது என்று நெறியாளரிடம் கேட்க அம்மாணவிக்கு நா எழவில்லை. 'உடல்நலமில்லை' என்றே ஒவ்வொரு முறையும் எழுதினாள். 'படிப்பு படிப்பு என்று காலத்தைக் கடத்திவிட்டாள்' என்பது ஊரின் தீர்ப்பு. ஏணியைக் கட்டியவர்களை ஊர் விசாரிப்பதில்லை.

பாணேர்ச் சாலை சென்று சேரும் பல்கலைக்கழகம் சாவித்திரிபாய் புலேயின் பெயரைத் தாங்கியது. அவருக்கும் ஜோதிராவுக்கும் குழந்தை பிறக்கவில்லை. ஜோதிராவ் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்ற வற்புறுத்தலுக்கு இணங்கவில்லை என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கைம்பெண் ஒருவர் ஈன்ற ஆண் குழந்தையை அவ்விணையர் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயரிட்டனர். அவர் வளர்ந்து மருத்துவரானார். 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது மகன் சிகிச்சை அளித்த இடத்தில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தே சாவித்திரிபாய் அந்நோய்க்கு ஆளாகி உயிர் துறந்தார். குழந்தை பிறக்காததற்கு யாருடைய உடல் காரணம் என்று தெளிவாகச் சொல்லக்கூடிய இன்றைய சோதனைகள் அந்நூற்றாண்டில் இல்லை. காரணம் தெரியாத நிலையிலும் அவ்வீடு குற்றவாளியைத் தேடவில்லை.

இன்று சோதனைகள் உண்டு. இருவருக்கும் அடிப்படைச் சோதனைகளை ஒருங்கே செய்துவிடலாம். ஆகவே முதல் நாளே இருவரும் சேர்ந்து செல்வது மருத்துவ முறை மட்டுமன்று, அறமும் ஆகும். அம்மாணவியின் கணவர் பத்தாம் மாதத்தில் தாமாகவே சென்று சோதனை செய்துகொண்டார். முடிவு என்னவாக இருந்தது என்பதை இருவரும் எவரிடமும் கூறவில்லை. ஊரிலிருந்து கேட்டவர்களுக்கு, "எங்களுக்குச் சிகிச்சை நடக்கிறது" என்ற ஒரே விடை மட்டும் போயிற்று.