ஆறு மாதச் சம்பளத் துண்டு

லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் பேசினால், முந்தியெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் முதற்கேள்வி "தம்பிக்கு என்ன வேலை?" என்பதுதான். பிறகு அது "விசா இருக்கோ, சிற்றிசனோ?" என்றானது. இப்போது சாதகம் பொருந்தின கையோடு பெண்ணின் தகப்பன் கேட்கிறார்: "தம்பி வருசத்துக்கு இருபத்தொன்பதாயிரம் காட்டுவாரோ?"

கேள்வியில் பிழையில்லை. ஹோம் ஒஃபிஸ் பார்ப்பதும் அதைத்தான்.

வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிட வருமான எல்லை என்று ஒரு தொகையைப் பிரித்தானியா 2012 ஜூலையில் கொண்டுவந்தது. அப்போது வருடத்துக்கு 18,600 பவுண்ஸ், வரி கழிக்க முன். அரச உதவிப் பணத்தில் தங்காமல் ஒரு குடும்பம் தன் காலில் நிற்க இவ்வளவு வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2023 டிசம்பரில் இதை 38,700 ஆக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பவே படிப்படியாக ஏற்றுவதாகச் சொல்லி, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆக்கினார்கள். அடுத்து வந்த அரசு மேலும் ஏற்றுவதை நிறுத்திவைத்தது, ஏறினது இறங்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் ஆகக் குறைந்த கூலி மணிக்கு 12.21 பவுண்ஸாக இருந்தது. வாரம் 40 மணித்தியாலம், வருடம் முழுக்க உழைத்தாலும் 25,400க்குக் கிட்டத்தான் வரும். அரசே நிர்ணயித்த கூலியில் முழுநேரம் வேலைசெய்கிறவனுக்கு அதே அரசு, 'பெண்சாதியைக் கூப்பிட உன் உழைப்புப் போதாது' என்கிறது. அந்தக் கூலியில் 29,000ஐத் தொட வாரம் 46 மணித்தியாலம் வேண்டும். விசாக் கட்டணம் தனி; அதோடு சுகாதாரக் கட்டணம் என்று முதல் விசாவுக்கே 3,105 பவுண்ஸ் முன்கூட்டிக் கட்டவேண்டும்.

இப்போது பெண் பேசியிருப்பது என் மச்சாளின் மகனுக்கு. அவன் பெற்றோல் செட்டில் வேலை. ஈஸ்ட்ஹாமில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விசாவுக்குக் காட்டவேண்டிய ஆறு மாதச் சம்பளத் துண்டுகளைப் பரப்பி, பக்கத்தில் வங்கிக் கணக்குத் தாளை வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி ஒப்பிட்டோம். துண்டில் வாரம் 24 மணித்தியாலம். அவன் நிற்பதோ ஐம்பதுக்குக் குறையாமல். மிச்சம் கையில் காசாக வருகிறது. நாலாம் மாதத் துண்டில் உள்ள தொகைக்கும் வங்கியில் விழுந்ததுக்கும் 150 பவுண்ஸ் வித்தியாசம். "அந்த மாசம் மிச்சத்தை முதலாளி கையில தந்தவர்," என்றான். அதைப் பென்சிலால் வட்டமிட்டேன்.

"மாமா, வாடகை குடுக்கிறன், கார் வச்சிருக்கிறன், தங்கச்சியின்ர கலியாணத்துக்குச் சீட்டெடுத்துக் குடுத்தனான். இதெல்லாம் எந்தக் காசில செய்தனானாம்?"

அவனை முழு அப்பாவி என்று சொல்லமாட்டேன். வரி மிச்சம் என்று முதலாளியோடு அவனும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான். ஆனால் அதில் முதலாளி இழந்தது ஒன்றுமில்லை.

சட்டம் எண்ணாமல் விடுகிறவை இன்னும் இருக்கின்றன. அவனுக்குப் பேசின பெண் யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை; அந்தச் சம்பளம் கணக்கில் இல்லை. இங்கே அவளுக்கு வேலை தருகிறேன் என்று யாரும் கடிதம் தந்தாலும் முதல் விசாவுக்கு உதவாது. அண்ணன் வீட்டு மேல்மாடியில் வாடகையில்லாமல் இருக்கலாம், தாய் பிள்ளையைப் பார்ப்பாள், ஒருத்தனுக்கு வேலை போனால் மற்றவன் தாங்குவான். லண்டனில் நாங்கள் நிமிர்ந்தது இப்படித்தான். அந்தத் தாங்கலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் வருமான எல்லை சட்டப்படி சரியே, ஆனால் பிள்ளைகளின் நலனை விதிகள் உரியபடி கவனிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதன் பின்புதான் மற்றவர்களின் உதவியையும் பார்க்கலாம் என்றானது. அதுவும் விதிவிலக்கான, மிகக் கடுமையான நிலைமைகளில் மட்டும்.

சேமிப்புக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். வருமானமே காட்டமுடியாவிட்டால் 88,500 பவுண்ஸ் ஆறு மாதம் கணக்கில் கிடக்கவேண்டும். கடனாக இருக்கக்கூடாது, அன்பளிப்பாக இருக்கலாம். இருவரில் யாருடைய பெயரிலும் இருக்கலாம். அதாவது, காணியை விற்றுத் தகப்பன் மகளின் கணக்கில் போடுகிற காசு செல்லும். சீதனம் வேண்டாம் என்று நிற்கிற பிள்ளைக்கு இந்த நாடு காட்டும் வழியைப் பாருங்கள்!

ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி இதைவிடக் குறைவாக உழைக்கிறான். கனடாவில் மனைவியைக் கூப்பிடப் பெரும்பாலும் வருமான எல்லையே இல்லை. மூன்று வருடம் அவள் செலவுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தால் சரி. அமெரிக்காவில் எல்லை உண்டு, வறுமைக்கோட்டின் 125 சதவீதம். ஆனால் அங்கே சித்தப்பாவோ சிநேகிதரோ கூட நின்று கையெழுத்துப் போடலாம். போட்டவர் அகப்பட்டார்; தம்பதி விவாகரத்துச் செய்தாலும் அந்தப் பொறுப்பு விடாது. அப்படியென்றாலும் உறவை உறவாக மதிக்கிற சட்டம் அது என்று எனக்குப் படுகிறது.

இதைப் பெண்ணின் தகப்பனுக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தம்பியைக் கனடாவுக்கு மாறச் சொல்லுங்கோவன்," என்றார்.

மாறவில்லை. செட்டில் எல்லா மணித்தியாலமும் துண்டில் வரவேண்டும் என்று கேட்டான். முதலாளி பாதிக்குத்தான் சம்மதித்தார். மிச்சத்துக்கு இரவில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறான். கட்டிவிட்டுப் பிரிந்திருக்க இரண்டு வீட்டுக்கும் விருப்பமில்லை. ஆவணியில் நல்ல நாள் இருந்தும் கலியாணத்தைத் தைக்குத் தள்ளியிருக்கிறோம். களஞ்சியசாலையின் ஆறாவது துண்டு மார்கழிக் கடைசியில்தான் கைக்கு வரும்.